காயம் ஆறும் காலமும் மனம் தேறும் காலமும்

2001 ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் நாசர் ஹுசைனின் விரல்கள் இருமுறை முறிந்தன. சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்துடன் இங்கிலாந்துக்கு வந்து, தந்தை நடத்திய இல்ஃபோர்ட் துடுப்பாட்டப் பயிற்சிக்கூடத்தில் ஆட்டம் பழகி, இங்கிலாந்து அணியின் தலைவராக உயர்ந்தவர் அவர். அவ்வாண்டு மே மாதம் லோர்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான போட்டியில் அவரது பெருவிரல் முறிந்தது. அது ஆறி அணிக்குத் திரும்பியவருக்கு, ஜூலை மாதம் எட்ஜ்பாஸ்டனில் அவுஸ்திரேலியாவின் ஜேசன் கில்லெஸ்பி வீசிய பந்து இடது கையின் சின்ன விரலை முறித்தது. அடுத்த இரு டெஸ்ட் போட்டிகளில் அவர் ஆடவில்லை. ஏறத்தாழ ஆறு வாரங்களின் பின், ஓகஸ்ட் மாதம் ஹெடிங்லியில் அதே பந்துவீச்சாளர் இடம்பெற்ற அணியை எதிர்கொண்டு, இரண்டாவது இன்னிங்ஸில் 55 ஓட்டங்கள் பெற்றார். அப்போட்டியில் இங்கிலாந்து வென்றது. அவருடையவை அப்பளம்போல் உடையும் விரல்கள் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் கேலி செய்த காலம் அது.

முறிந்த விரல் எலும்பு பொருந்த ஏறத்தாழ ஆறு வாரங்கள் செல்லும். அது உடலின் கணக்கு. தன் விரலை முறித்தவர் மீண்டும் அதே வேகத்தில் ஓடிவரும்போது மட்டையைத் தளராமல் பிடித்து நிற்பதோ எலும்பின் வேலையன்று. விளையாட்டுக் காயம் உடலையும் மனத்தையும் ஒருசேரத் தாக்குகிறது; அவை இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குணமடைகின்றன. உடல் ஆயத்தமாகும் முன்னரே மனம் அவசரப்படுவதுண்டு. உடல் முற்றாக ஆறிய பின்னும் மனம் தயங்கி நிற்பதுமுண்டு. முதலாவது மீண்டும் காயத்தில் முடிகிறது; இரண்டாவது விளையாட்டையே கைவிடச் செய்கிறது.

இல்ஃபோர்ட்டுக்கு இவ்விடயம் புதிதன்று. வலன்டைன்ஸ் பூங்காவின் துடுப்பாட்ட மைதானத்தில் எசெக்ஸ் மாவட்ட அணி 1923 முதல் 2002 வரை முதல்தரப் போட்டிகளை ஆடியது. இன்றும் கோடைகால வார இறுதிகளில் இப்பகுதிப் பூங்காக்கள் நிறைந்திருக்கின்றன. மழைக்காலத்தில் பூப்பந்தாட்டக் கூடங்கள் நிறைகின்றன. தாயகப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் சுற்றுப்போட்டிகளும் உண்டு. ஆண்டு முழுவதும் கணினிக்கு முன் அமர்ந்திருந்து, ஒன்றுகூடல் நாளன்று மட்டும் பாடசாலைக் காலத்து வேகத்தில் ஓட முயலும் நாற்பத்தைந்து வயதுக்காரரை இயன்மருத்துவர்கள் நன்கறிவர்.

வலி கூறுவதும் கூறாததும்

தோலிலும் தசையிலும் மூட்டிலும் உள்ள நரம்பு முனைகள் ஆபத்தை உணர்ந்து முள்ளந்தண்டின் வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அச்செய்தி எவ்வளவு வலியாக உணரப்பட வேண்டும் என்பதை மூளையே முடிவு செய்கிறது. முள்ளந்தண்டில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டென்றும், மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகள் அவ்வாயிலைத் திறக்கவும் மூடவும் வல்லன என்றும் ரொனால்ட் மெல்சாக், பட்ரிக் வோல் ஆகிய இருவர் 1965 இல் விளக்கினர். போட்டியின் பரபரப்பில் அட்ரினலின் சுரந்து, கவனம் முழுவதும் ஆட்டத்தில் பதிந்திருக்கும்போது அவ்வாயில் பெரும்பாலும் மூடியே இருக்கும்.

2021 ஜனவரி 11 அன்று சிட்னியில் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. முதல் நாள் இரவு முதுகுவலியால் துடித்து, மறுநாள் காலை குனிந்து காலணியின் கயிற்றைக்கூடக் கட்ட இயலாதிருந்த சென்னை வீரர் ரவிச்சந்திரன் அஸ்வின், பின்தொடைத் தசை கிழிந்த ஹனும விஹாரியுடன் இணைந்து 42 ஓவர்களுக்கு மேல் ஆட்டமிழக்காமல் நின்று போட்டியைச் சமநிலையில் முடித்தார். அஸ்வின் 128 பந்துகளையும் விஹாரி 161 பந்துகளையும் எதிர்கொண்டனர். அந்த நாளின் வீரம் அனைவரின் நினைவிலும் உள்ளது. அடுத்து பிரிஸ்பேனில் நடந்த போட்டியில் இருவராலும் ஆட இயலவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. (அப்போட்டியில்தான் வாஷிங்டன் சுந்தர், நடராஜன் ஆகிய இரு தமிழக வீரர்கள் தம் டெஸ்ட் பயணத்தைத் தொடங்கினர்.) களத்தில் மறைந்திருந்த வலி பின்னர் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

இதைவிட அச்சம் தரும் நிகழ்வு 1956 இல் வெம்பிளியில் நடந்தது. எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் மன்செஸ்டர் சிட்டியின் இலக்குக் காப்பாளர் பேர்ட் டிராவுட்மன் எதிரணி வீரருடன் மோதிய பின்னும் இறுதிவரை ஆடினார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது சில நாட்களின் பின்னரே எக்ஸ்ரே படத்தில் தெரியவந்தது.

ஆகவே ஆட்டத்தின் நடுவே, “வலிக்கவில்லை, தொடர்ந்து ஆடுகிறேன்” என்று பிள்ளை கூறுவது பொய்யாக இராது. ஆனாலும் அது நம்பத்தக்க சான்றன்று. ஒரு முழங்கால் வீங்கத் தொடங்குகிறதா, பாதத்தை ஊன்றி நான்கு அடி நடக்க முடிகிறதா என்பன வலியைவிட நேர்மையான அறிகுறிகள். கணுக்கால் பிரண்ட ஒருவரால் நான்கு அடி நடக்க இயலவில்லையெனில், அல்லது கணுக்கால் எலும்பின் மேல் அழுத்தும்போது கூர்மையான வலி தோன்றினால், அது வெறும் சுளுக்கு என்று வீட்டில் தீர்மானித்துவிடாமல் எக்ஸ்ரே எடுக்கச் செல்ல வேண்டும்.

தலையில் அடிபட்டால்

வலியை நம்பவே கூடாத இடம் தலை. மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே மயங்கி விழுகின்றனர். ஏனையோர் எழுந்து நிற்பர், பேசுவர், ஆடவும் முனைவர். தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், வெளிச்சம் கூசுதல், கேள்விக்குத் தாமதமாகப் பதிலளித்தல், காரணமற்ற எரிச்சல், சற்று முன் நடந்ததை மறத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பிரித்தானிய அரசு 2023 இல் உள்ளூர் விளையாட்டுகளுக்கென வெளியிட்ட வழிகாட்டல் இதில் தெளிவானது: சந்தேகம் இருந்தாலே அவரை உடனடியாகக் களத்திலிருந்து வெளியேற்ற வேண்டும்; அன்றைய தினம் மீண்டும் ஆடவிடக் கூடாது; 24 மணி நேரத்துள் ஒரு சுகாதாரப் பணியாளரின் மதிப்பீட்டைப் பெற வேண்டும், அதற்கு 111 இலக்கத்தை அழைக்கலாம்.

முதல் 24 மணி நேரம் அவரைத் தனியே விடலாகாது; அவர் வாகனம் செலுத்தவும் மது அருந்தவும் கூடாது. முதல் ஓரிரு நாட்கள் படிப்பும் கைத்தொலைபேசித் திரையும் குறைக்கப்பட வேண்டும். காயமடைந்த நாளிலிருந்து 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்புதல் கூடாது. மீண்டும் மீண்டும் வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் சோர்வு ஆகியன தோன்றினால் 999 ஐ அழைக்க வேண்டும். பரீட்சைக் காலத்தில் பிள்ளை பாடத்தில் கவனமின்றி இருப்பதைச் சோம்பலெனக் கடிந்துகொள்ளும் பெற்றோர், அதற்கு முந்தைய வார இறுதியில் மைதானத்தில் என்ன நடந்தது என்று ஒருமுறை கேட்டறிவது நல்லது.

முதல் இரு நாட்கள்: எண்ணெய் காத்திருக்கட்டும்

தசையோ தசைநாரோ கிழிந்தவுடன் சிறு இரத்தக் குழாய்கள் உடைந்து உள்ளே குருதி கசிகிறது. சில மணி நேரத்துள் அவ்விடம் வீங்கி, சிவந்து, சூடேறுகிறது. இவ்வீக்கத்தைப் பகையெனக் கருதுவோர் பலர். உண்மையில் அது பழுதுபார்க்கும் பணியின் முதற்கட்டம்: சிதைந்த இழையங்களை அகற்றும் வெண்குருதிக் கலங்கள் அவ்வழியாகவே வந்து சேர்கின்றன.

சித்தாலேபவோ கோடாலித் தைலமோ இல்லாத இலங்கைத் தமிழர் வீடு அரிது. சுளுக்கென்றால் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவி உருவிவிடுவதும், சுடுநீர் ஒத்தடம் கொடுப்பதும் அன்பின் வெளிப்பாடாகவே நம்மிடையே நிலைத்துவிட்டன. முறிவு நெரிவு வைத்தியரிடம் ஓடிய நினைவும் மூத்தோர் பலருக்கு உண்டு. அக்கைப்பக்குவத்துக்கு உரிய காலம் பின்னர் வரும். முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடும் அழுத்தித் தேய்த்தலும் கசிவை அதிகரித்து வீக்கத்தைப் பெருக்கும் என்பதால் தேசிய சுகாதார சேவை அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. எலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயம் உள்ள இடத்தை உருவுவதோ இழுத்து நேராக்குவதோ பெருந்தீங்கு.

அந்நாட்களில் செய்ய வேண்டியது எளிது. ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை, அல்லது உறைந்த பட்டாணிப் பொதியை, ஒரு முறைக்கு 20 நிமிடங்கள் மிகாமல் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை வைக்கலாம். இரத்த ஓட்டம் தடைப்படாதவாறு மீள்பட்டி சுற்றி, காலாயின் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். பனிக்கட்டி வலியைத் தணிக்கும். காயத்தை விரைவில் ஆற்றும் என்று எண்ண வேண்டியதில்லை. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தல் என்ற சூத்திரத்தை 1978 இல் எழுதிய அமெரிக்க வைத்தியர் கேப் மேர்கினே, நீடித்த பனிக்கட்டிப் பயன்பாடும் முழு ஓய்வும் குணமடைதலைத் தாமதப்படுத்தலாம் எனப் பின்னாளில் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். வலிநிவாரணி எது பொருத்தமென மருந்தகத்தில் கேட்பது நன்று; நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளோர் கேட்காமல் எடுக்கலாகாது.

வாரங்களும் மாதங்களும்

சில நாட்களில் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. கொலாஜன் என்னும் புரத இழைகள் கிழிந்த இடத்தை நிரப்புகின்றன. அவசரமாகக் கட்டிய வேலிபோல அவை ஒழுங்கின்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அவற்றை ஒரே திசையில் அடுக்கி வலிமையாக்குவது மூன்றாம் கட்டம். அது மாதக்கணக்கில், சில காயங்களில் ஓராண்டுக்கு மேலும், நீடிக்கும். இழைகள் எத்திசையில் அடுங்க வேண்டும் என்பதை அவ்வுறுப்பின் மீது விழும் சுமையே கற்பிக்கிறது. ஆதலால்தான் இயன்மருத்துவர் சில நாட்களிலேயே மெல்லிய அசைவைத் தொடங்கச் சொல்கிறார். “கட்டிலை விட்டு இறங்காதே” என்று ஆறு வாரம் படுக்க வைக்கும் பாசம் பலவீனமான தழும்பையும் மெலிந்த தசையையும் பரிசாக விட்டுச்செல்லும்.

காயங்கள் அனைத்தும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. தசைக்கு இரத்த ஓட்டம் மிகுதி. எனவே அது விரைவில் தேறும். தசையை எலும்புடன் பிணைக்கும் நாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. பூப்பந்தாடும் நடுத்தர வயதினர் அஞ்ச வேண்டியது குதிகால் நாண் அறுவதையே. பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்தது போன்ற உணர்வும், சில வேளை “டப்” என்ற ஒலியும் அதன் அடையாளங்கள். திரும்பிப் பார்த்தால் அங்கு ஒருவரும் இரார். வலி விரைவில் குறைந்துவிடலாம் என்பதால் பலர் நாட்களைக் கடத்துகின்றனர். அதே நாளில் சிகிச்சைக்குச் செல்வதே முறை.

வளரும் வயதில் வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்கு வேறோர் ஆபத்து உண்டு. ஒரே அடியால் அல்லாமல், ஓய்வின்றித் திரும்பத் திரும்ப விழும் சுமையால் கீழ்முதுகு எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்படுகிறது. இங்கிலாந்துத் துடுப்பாட்டச் சபை இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் ஒரு நாளில் வீசக்கூடிய ஓவர்களுக்கு வயதுவாரியாக எல்லை வகுத்திருப்பது இக்காரணத்தாலேயே. சனிக்கிழமை கழகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை பாடசாலைக்கும் ஆடும் பிள்ளையின் மொத்தக் கணக்கைப் பயிற்றுநர் இருவரும் அறியார். பெற்றோர் மட்டுமே அறிவர்.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இரண்டு உண்டு. இந்நாட்டின் வெயில் கருமையான தோலில் போதிய விற்றமின் டி உருவாக இடமளிப்பதில்லை. எலும்பின் வலிமைக்கு அது இன்றியமையாதது. இலையுதிர், குளிர் காலங்களில் அனைவரும், கருமையான தோலுடையோர் ஆண்டு முழுவதும், நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பது குறித்து எண்ணிப் பார்க்க வேண்டுமென அரசு அறிவுறுத்துகிறது. மற்றது நீரிழிவு. தெற்காசியரிடையே மிகுதியாகக் காணப்படும் இந்நோய் கட்டுக்குள் இல்லையெனில் காயங்கள் ஆறத் தாமதமாகும்.

மனத்தின் காயம்

வாரத்துக்கு மூன்று நாள் நண்பர்களுடன் ஓடியவர் திடீரென வீட்டில் அமர்கிறார். தசை ஓய்வெடுக்கிறது, மனமோ தன் அன்றாட ஒழுங்கையும், கூட்டத்தையும், “நான் ஓர் ஆட்டக்காரர்” என்ற அடையாளத்தையும் இழந்து நிற்கிறது. முதலில் மறுப்பு, பின்னர் சினம், தூக்கமின்மை, பசியின்மை, யாரையும் காண விரும்பாமை. பதின்ம வயதினரிடம் இவை எளிதில் வெளிப்படுவதில்லை. “நல்லதாகப் போயிற்று, இனிப் படிக்கலாம்” என்று வீட்டில் கூறப்படும் ஒரு சொல், கூறியவர் எண்ணியதைவிட ஆழமாகத் தைக்கும்.

அதன்பின் வருவது அச்சம். முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை பெற்றோர் குறித்த 69 ஆய்வுகளின் தொகுப்பொன்று 2014 இல் வெளியாயிற்று. 7,500 க்கும் மேற்பட்டோரில் 81 வீதத்தினர் ஏதேனுமொரு விளையாட்டுக்குத் திரும்பினர். 65 வீதத்தினரே முன்னைய நிலையை எட்டினர். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியோர் 55 வீதத்தினர் மட்டுமே. திரும்பியோரிடம் மன ஆயத்தம் மிகுந்திருந்ததையும் அத்தொகுப்பு கண்டது. முழங்கால் ஆறிய பின்னும் அதை நம்பாத ஒருவர் காலைத் தயங்கி ஊன்றுகிறார், மறுகாலில் பாரத்தைச் சாய்க்கிறார், கடைசி நொடியில் பின்வாங்குகிறார். அந்தத் தயக்கமே புதிய காயத்துக்கு வழிகோலும். இக்கட்டத்தில் வலியும் வேறுவிதமாக ஏமாற்றுகிறது: களத்தில் பேசாதிருந்த அது, இப்போது தீங்கற்ற சிறு அசைவுக்கும் எச்சரிக்கை மணி அடிக்கிறது.

அவசரம் எதிர்த்திசையில் கெடுக்கிறது. அதே அறுவைச் சிகிச்சையின் பின் ஒன்பது மாதங்களுக்கு முன் ஆடத் திரும்புவோருக்கு மீண்டும் காயம் ஏற்படும் வாய்ப்பு மிக அதிகம். இங்கிலாந்து மகளிர் உதைபந்தாட்ட அணித்தலைவி லியா வில்லியம்சன் 2023 ஏப்ரலில் இக்காயத்துக்குள்ளாகி அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தை இழந்தார். ஒன்பது மாதங்கள் காத்திருந்து 2024 ஜனவரியில் களமிறங்கினார். 2025 இல் ஐரோப்பியக் கிண்ணத்தை மீண்டும் ஏந்தினார். பெண்பிள்ளைகளுக்கு இக்காயம் ஆண்பிள்ளைகளைவிடக் கூடுதலாக ஏற்படுவது உண்மை. அதைக் காரணங்காட்டி மகளின் காலணியைப் பரணில் போடுவது தீர்வன்று. 20 நிமிடம் எடுக்கும் 11+ என்னும் முன்பயிற்சி முறை காயங்களைக் கணிசமாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கழகத்தில் அது நடைபெறுகிறதா எனக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

மனம் எவ்வாறு தேறுகிறது? அறிவுரையால் அன்று, சிறு வெற்றிகளால். விரல் முறிந்தவர் முதலில் மென்பந்தைப் பிடிக்கிறார், பின்னர் குறுகிய தூரத்திலிருந்து கடின பந்தை, அதன்பின் வலைப்பயிற்சியில் மெதுவான பந்துவீச்சை எதிர்கொள்கிறார். ஒவ்வொரு படியிலும் எதுவும் நேரவில்லை என்பதை உடல் தானே மூளைக்குக் காட்டுகிறது. இடைக்காலத்தில் ஓட்டக் கணக்கு எழுதியோ, சிறுவருக்குப் பயிற்சியளிக்க உதவியோ அணியுடன் இருப்பவர் தனித்திருப்பவரைவிட எளிதில் மீள்கிறார். “எப்போது வருவாய்?” என்ற கேள்வியைக் காட்டிலும் “இன்று எதைச் செய்ய முடிந்தது?” என்ற கேள்வி உதவும்.

சில வேளை திரும்பி வருபவர் பழைய ஆட்டக்காரராக இருப்பதில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. தமிழக வேகப்பந்து வீச்சாளர் லக்ஷ்மிபதி பாலாஜி முதுகெலும்பு வெடிப்பால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒதுங்க நேர்ந்தது. பந்துவீசும் பாணியையே மாற்றிக்கொண்டு வந்தவர், 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கைப் பெற்றார். அடுத்த ஆண்டு இந்திய அணிக்கும் மீண்டும் அழைக்கப்பட்டார்.

உதவி பெறும் வழிகள்

எலும்பு உருமாறித் தெரிந்தாலோ, உறுப்பு மரத்துப்போனாலோ, பாரம் ஊன்ற இயலாவிட்டாலோ அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். குட்மேஸிலுள்ள கிங் ஜோர்ஜ் வைத்தியசாலை இல்ஃபோர்ட்வாசிகளுக்கு அண்மையானது. எங்கு செல்வதெனத் தெரியாதபோது 111 ஐ அழைக்கலாம். ஆங்கிலம் இயலாதவர் மொழியின் பெயரை மட்டும் “டமில்” என்று கூறினால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். இரு வாரங்களில் முன்னேற்றம் காணாத காயத்துக்குக் குடும்ப வைத்தியர் வழியாக இயன்மருத்துவரை நாடலாம்.

தாழ்ந்த மனநிலையோ தூக்கமின்மையோ இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதுவும் குடும்ப வைத்தியரிடம் கூற வேண்டிய செய்தியே. தேசிய சுகாதார சேவையின் உளவியல் பேச்சுச் சிகிச்சைக்கு வைத்தியரின் கடிதமின்றி வயதுவந்தோர் தாமாகவே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. வைத்தியருடனான சந்திப்புகளுக்கும் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைப்பார். நேரம் பதியும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பெற்றோரின் நோவைப் பிள்ளைகள் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.